கேஸ் வண்டி என்றால் எந்த கேஸ்?

கேரள எல்லையில் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பெட்ரோல் முள் கீழே இறங்கினால், தமிழ்நாட்டுக் கோபாலபுரம் வரைக்கும் வண்டி தாங்குமா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள். தாங்கும் என்றால் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்த்தான் நிரப்புவார்கள். கேரளத்தில் பெட்ரோல் விலை தமிழ்நாட்டைவிட லிட்டருக்கு நாலைந்து ரூபாய் கூடுதல். 2023 ஏப்ரலில் லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் என்ற கூடுதல் வரி சேர்ந்த பிறகு இந்தப் பழக்கம் இன்னும் கெட்டிப்பட்டுவிட்டது. பொள்ளாச்சிக்குக் கல்யாணத்துக்குப் போகிறவரும், வேலந்தாவளம் வழியாகக் கோவை ஆஸ்பத்திரிக்குப் போகிறவரும், திரும்பும்போது டேங்கை நிரப்பிக்கொண்டுதான் எல்லை தாண்டுவார்கள். இந்தப் பக்கம் இருப்பதைப் பம்பு என்போம், அந்தப் பக்கம் இருப்பதைப் பங்க் என்போம். அவ்வளவுதான் வித்தியாசம், விலையைத் தவிர.

இப்படிப்பட்ட ஊரில் போன மாதம் பெரியப்பா கேட்டார்: "ஏங்கண்ணு, கேஸ் வண்டி எடுத்தா ரொம்ப லாபமாமே, எடுக்கட்டுமா?"

"எந்த கேஸுங்க பெரியப்பா?"

"கேஸ்ல என்ன எந்த கேஸு? அடுப்புல எரியறதுதான?"

அங்கேதான் சிக்கல். கேஸ் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு எரிபொருள் ஒளிந்திருக்கிறது. ஒன்று சிஎன்ஜி, அதாவது அமுக்கி அடைத்த இயற்கை எரிவாயு. இன்னொன்று எல்பிஜி, அடுப்பில் எரிவது. இரண்டும் நீலமாக எரியும், இரண்டும் பெட்ரோலைவிட மலிவு. மற்றபடி குணத்தில் ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

இயற்கை எரிவாயு என்பது பெரும்பாலும் மீத்தேன். சாண எரிவாயுக் கலனில் வருகிற அதே மீத்தேன்தான், ஆனால் பூமிக்கடியிலிருந்து எடுப்பது. இதற்கு ஒரு பிடிவாதம் உண்டு: சாதாரண வெயிலில் எவ்வளவு அமுக்கினாலும் திரவமாகாது. திரவமாக்க வேண்டுமென்றால் மைனஸ் 162 டிகிரிக்குக் குளிரவைக்க வேண்டும். அப்படிக் குளிரவைத்தால் அறுநூறு லிட்டர் வாயு ஒரு லிட்டர் திரவமாகச் சுருங்கிவிடும். கப்பலில் அப்படித்தான் வருகிறது. கொச்சி புதுவைப்பில் 2013 முதல் இயங்கும் முனையத்தில் இறக்கி, மறுபடி வாயுவாக்கிக் குழாயில் விடுகிறார்கள். அந்தக் குழாய் நம் பாலக்காடு மாவட்டத்துக் கூற்றநாடு வரை வந்து பிரிகிறது. ஒரு கிளை வடக்கே மங்களூருக்குப் போகிறது, அதை 2021 ஜனவரியில் திறந்தார்கள். இன்னொன்று வாளையாறு வழியாகக் கோவைப் பக்கம் நீள்கிறது.

காருக்குள் மைனஸ் 162 டிகிரியைக் கட்டி மேய்க்க முடியாது. அதனால் வாயுவாகவே வைத்து, 200 பார் அழுத்தத்தில் உருளைக்குள் திணிக்கிறார்கள். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று ஏறக்குறைய 2 பார். அதைப்போல நூறு மடங்கு. அந்த அழுத்தத்தைத் தாங்கத்தான் அவ்வளவு கனமான எஃகு உருளை. அது டிக்கியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கும் அதுவே காரணம். இவ்வளவு அமுக்கியும், ஒரு லிட்டர் இடத்தில் இருக்கும் சிஎன்ஜி, ஒரு லிட்டர் பெட்ரோல் தரும் சக்தியில் கால் பங்குதான் தரும்.

எல்பிஜி அப்படிப் பிடிவாதம் பிடிக்காது. இது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. கொஞ்சம் அமுக்கினாலே திரவமாகிவிடும். வீட்டு சிலிண்டரை லேசாக ஆட்டினால் உள்ளே தளும்புவது கையில் தெரியுமே, அது திரவம். பெட்டிக்கடையில் தொங்கும் கண்ணாடி மாதிரியான லைட்டருக்குள் தண்ணீர்போலத் தெரிவது பியூட்டேன். மெல்லிய பிளாஸ்டிக்கே அதைத் தாங்குகிறது என்றால் அழுத்தம் எவ்வளவு குறைவு என்று புரியும். அதனால் எல்பிஜி காரின் டேங்க் சின்னது, எடையும் குறைவு. ஸ்டெப்னி வைக்கிற குழியிலேயே வட்டமாக அடங்கிவிடும் டேங்குகள்கூட உண்டு.

அமெரிக்காவில் பள்ளிப் பேருந்துகளைப் புரொப்பேனில் ஓட்டுகிறார்கள். நம் ஊரில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை, ஆட்டோ கேஸ் என்கிறோம். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்து வாயுவாகிவிடும். பியூட்டேனுக்குச் சுழி டிகிரி வேண்டும். உறைபனி விழும் ஊரில் பியூட்டேன் டேங்குக்குள்ளேயே சோம்பேறியாகத் திரவமாகக் கிடக்கும். அதனால் குளிர்நாட்டுக்காரர்கள் புரொப்பேனை நம்புகிறார்கள். நம் பாலக்காட்டுச் சித்தூர் வெயிலில் அந்தக் கவலை நமக்கு இல்லை, கலவையே போதும்.

கசிந்தால் என்ன ஆகும் என்பதுதான் இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம். மீத்தேன் காற்றின் எடையில் பாதிக்குச் சற்றுக் கூடுதல். கசிந்தால் மேலே ஏறிக் கலைந்துவிடும். திறந்த தென்னந்தோப்பில் நிற்கும் சிஎன்ஜி வண்டியில் கசிவு வந்தால் வாயு தன் பாட்டில் ஆகாயம் பார்த்துப் போய்விடும். ஆனால் கதவடைத்த ஷெட்டில் கூரைக்கடியில் தேங்கும், அங்கே ஒரு ஜன்னலோ ஓட்டையோ உயரத்தில் இருப்பது நல்லது. எல்பிஜி காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். அது கீழே இறங்கி, தரையோடு தவழ்ந்து, சாக்கடையிலும் பள்ளத்திலும் போய்ப் படுத்துக்கொள்ளும். பத்தடி தள்ளி யாராவது பீடி பற்றவைத்தால் அங்கிருந்து நெருப்பு திரும்பி வரும். காற்றில் 100-க்கு 2 பங்கு எல்பிஜி கலந்தாலே பற்றும், மீத்தேனுக்கு 5 பங்கு வேண்டும். இரண்டுக்குமே சொந்த வாசனை கிடையாது. நாம் மோந்து கண்டுபிடிக்கும் அந்த அழுகிய நாற்றம், கசிவு தெரிவதற்காக வேண்டுமென்றே சேர்ப்பது.

இதைக் கேட்டதும் பெரியப்பா, "அப்ப வீட்டு சிலிண்டர்லிருந்தே மாத்திக்கலாமே, அந்தக் காலத்துல வேன்காரனெல்லாம் பண்ணுனானே" என்றார். பண்ணினார்கள், உண்மைதான். புழக்கடையில் சிவப்பு சிலிண்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து வண்டியில் ஏற்றினார்கள். அது சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். எல்பிஜி டேங்கை 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பக்கூடாது, ஏனென்றால் வெயில் ஏறும்போது உள்ளே இருக்கும் திரவம் உப்பும், அதற்கு இடம் வேண்டும். முறையான பம்பில் அந்த அளவு வந்ததும் டேங்கின் வால்வே நிறுத்திவிடும். புழக்கடையில் அந்த வால்வை நம்பி யாரும் இருப்பதில்லை, கசிந்தது போகக் கிடைத்தவரை லாபம் என்று இருப்பார்கள். இந்தியாவில் எல்பிஜியைக் கார் எரிபொருளாக அனுமதித்ததே 2000-இல்தான்.

சரி, காசுக்கு வருவோம். பெரியப்பாவுக்கு வேண்டியது அதுதான்.

பெட்ரோலை லிட்டரில் விற்கிறார்கள், சிஎன்ஜியைக் கிலோவில், எல்பிஜியை மறுபடி லிட்டரில், மின்சாரத்தை யூனிட்டில். படியையும் முழத்தையும் ஒப்பிடுவதுபோல இது. "பெட்ரோல் 105, சிஎன்ஜி 90, பதினஞ்சு ரூவாதானே வித்தியாசம்" என்பவரும் ஏமாறுகிறார், "பெட்ரோல் 18 கிலோமீட்டர் கொடுக்குது, சிஎன்ஜி 25 கொடுக்குது, என்ன எஞ்சின்!" என்று வியப்பவரும் ஏமாறுகிறார். எஞ்சினில் மாயம் ஒன்றுமில்லை. ஒரு கிலோ சிஎன்ஜியில் இருக்கும் சக்தி ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் பெட்ரோலுக்குச் சமம், அதனால் கூட ஓடுகிறது. ஒரு லிட்டர் எல்பிஜியில் முக்கால் லிட்டர் பெட்ரோலின் சக்திதான், அதனால் குறைய ஓடுகிறது. எனவே எல்லாவற்றையும் ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று மாற்றிக்கொண்ட பிறகுதான் பேச்சே தொடங்க வேண்டும்.

ஒரு சின்னக் காரை எடுத்துக்கொள்வோம். விலைகள் மாறிக்கொண்டே இருப்பதால் நான் போடுவது கணக்குக்கான விலைகள், உங்கள் பம்பு விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். பெட்ரோல் 105 ரூபாய், லிட்டருக்கு 18 கிலோமீட்டர் என்றால், ஒரு கிலோமீட்டருக்கு 5 ரூபாய் 83 பைசா. சிஎன்ஜி 90 ரூபாய், கிலோவுக்கு 25 என்றால் 3 ரூபாய் 60 பைசா. ஆட்டோ எல்பிஜி 65 ரூபாய், லிட்டருக்கு 14 என்றால் 4 ரூபாய் 64 பைசா. ஆக, சிஎன்ஜிக்கும் பெட்ரோலுக்கும் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 23 பைசா மிச்சம்.

ஆனால் கம்பெனியிலிருந்தே சிஎன்ஜி பொருத்தி வரும் வண்டிக்குச் சுமார் 90,000 ரூபாய் கூடக் கொடுக்க வேண்டும். 90,000-ஐ 2 ரூபாய் 23 பைசாவால் வகுத்தால் 40,000 கிலோமீட்டர் சொச்சம். அவ்வளவு ஓடிய பிறகுதான் முதல் ரூபாய் லாபம். நான் கோவைக்கு வேலைக்குப் போய்வருவதால் மாதம் 1,200 கிலோமீட்டர் ஓடும். மூன்று வருடத்துக்குள் அசல் கைக்கு வந்துவிட்டது. பெரியப்பா ஓட்டுவது சித்தூர்ச் சந்தை, கோயில், மாதம் ஒரு தடவை பொள்ளாச்சி. 400 கிலோமீட்டர் தாண்டாது. அவருக்கு எட்டு வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் உருளையை மூன்று வருடத்துக்கு ஒருமுறை இறக்கி அழுத்தச் சோதனை செய்ய வேண்டும், அது சட்டம். பழைய வண்டியில் வெளியே கிட் போடுவதென்றால் செலவு குறையும். ஆனால் அங்கீகாரம் பெற்ற கிட்தானா என்று பார்த்து, ஆர்சி புக்கில் ஏற்றி, இன்சூரன்ஸ்காரருக்கும் சொல்ல வேண்டும். பலர் இதில் சோம்பல்பட்டு, விபத்து நடந்த பிறகு வருந்துகிறார்கள்.

விற்பவர் சொல்லாத, நான் அனுபவத்தில் கற்ற பாடம் பம்பைப் பற்றியது. சிஎன்ஜி பம்புகளில் மதர் ஸ்டேஷன், டாட்டர் ஸ்டேஷன் என்று உண்டு. தாய்க்குக் குழாயில் நேரடியாக வாயு வரும். குழாய் எட்டாத ஊர்களில் இருப்பது மகள். தாய் வீட்டிலிருந்து லாரியில் அடுக்கடுக்காகக் கட்டிய உருளைகளில் சீர் வந்தால்தான் அங்கே அடுப்பெரியும். லாரி வந்த புதிதில் அழுத்தம் நன்றாக இருக்கும். இருபது முப்பது வண்டி பிடித்துப் போன பிறகு லாரி உருளையிலேயே அழுத்தம் இறங்கிவிடும், பம்பில் இருக்கும் கம்ப்ரசர் திணறும். முதல் வருடம் ஒருநாள் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று என் முறை வந்தபோது 4 கிலோதான் ஏறியது. பம்புக்காரப் பையன் முகத்தில் எந்தச் சலனமும் இல்லை. "அவ்ளோதான் சார், வண்டி வரணும்" என்றான். லாரியைச் சொன்னான்.

காசு நஷ்டமில்லை, ஏறிய கிலோவுக்குத்தான் பில். ஆனால் 8 கிலோ ஏறினால் 200 கிலோமீட்டர், 4 ஏறினால் 100. மறுநாளே மறுபடி வரிசை. இன்னொன்றையும் கவனித்தேன். வாயுவை வேகமாகத் திணிக்கும்போது உருளை சூடாகும், சைக்கிள் பம்ப் அடிக்கும்போது அடிப்பக்கம் சுடுவதுபோல. சூடான வாயு இடம் கூட எடுத்துக்கொள்ளும், அதனால் 200 பார் என்று முள் காட்டினாலும் உள்ளே இருக்கும் சரக்கு குறைவு. அதிகாலைக் குளிரில் நிரப்பினால் ஒரு அரைக் கிலோ கூட ஏறுவதுபோலத் தெரிகிறது. நிரப்பும் நேரத்தில் வண்டியில் இருப்பவர்கள் எல்லாரும் இறங்கி நிற்க வேண்டும். தூங்கும் குழந்தையையும் மூட்டுவலிக்கார அத்தையையும் இறக்கி வெயிலில் நிறுத்திப் பாருங்கள், அந்த 2 ரூபாய் 23 பைசாவின் உண்மை விலை தெரியும்.

மலை ஏற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். வாயு எஞ்சினுக்குள் போகும்போது காற்று இருக்க வேண்டிய இடத்தில் கொஞ்சத்தைப் பிடித்துக்கொள்கிறது. காற்று குறைந்தால் எரிவதும் குறையும். அதிகம் விற்கும் ஒரு லிட்டர் எஞ்சின் ஒன்று பெட்ரோலில் 49 கிலோவாட் தருகிறது, சிஎன்ஜியில் ஏறக்குறைய 42. அதோடு உருளையின் எடை வேறு. கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோவை வரை சமவெளி, வித்தியாசமே தெரியாது. நெம்மாறை தாண்டி நெல்லியாம்பதி ஏறும்போது நாலு பேரும் மூட்டையும் இருந்தால் பிக்கப் போதாமல் வண்டி முனகும். அங்கே நான் பேசாமல் பெட்ரோலுக்கு மாற்றிவிடுவேன். சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. மூட்டை வைக்க டிக்கி எங்கே என்று கேட்பவர்களுக்காக, ஒரு பெரிய உருளைக்குப் பதில் இரண்டு சின்ன உருளைகளைத் தரைக்கடியில் வைக்கும் முறையை டாட்டா 2023-இல் கொண்டுவந்தது. நல்ல யோசனை. எனக்கு வாய்க்கவில்லை, நான் முன்னாலேயே வாங்கிவிட்டேன்.

சிஎன்ஜி நம் நாட்டில் பெயர் பெற்றது காசு மிச்சத்தால் அல்ல, புகையால். 1998-இல் உச்ச நீதிமன்றம் தில்லிப் பேருந்துகளை சிஎன்ஜிக்கு மாற்றச் சொன்னது. இழுபறிக்குப் பிறகு 2002 முடிவில் மாறி முடித்தார்கள். கரும்புகை கிட்டத்தட்ட இல்லை, கார்பன் டை ஆக்சைடும் பெட்ரோலைவிட ஏறக்குறைய 20 சதவீதம் குறைவு. எரியாமல் கசியும் மீத்தேன் வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் கார்பன் டை ஆக்சைடைவிடப் பல மடங்கு கெட்டது என்பதால், பசுமை எரிபொருள் என்று ஸ்டிக்கர் ஒட்டுவதை மட்டும் நான் அவ்வளவாக ரசிப்பதில்லை.

எல்பிஜிக்கு நம் பக்கம் புதுக் கார்கள் வருவது அரிது. ஆட்டோக்களில்தான் உயிரோடு இருக்கிறது. துருக்கியில் சாலையில் போகும் கார்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று எல்பிஜியில் ஓடுகிறது, தென் கொரியாவில் டாக்சிகளுக்குப் பல காலம் அதுதான். நம் நாட்டில் அடுப்புக்கே பாதிக்கு மேல் இறக்குமதி செய்ய வேண்டியிருக்கிறது, காருக்கு எங்கே போவது?

அப்புறம் எத்தனால். இதை வாங்கலாமா என்று யோசிக்கவே வேண்டாம், ஏற்கெனவே உங்கள் டேங்கில் இருக்கிறது. பம்பில் இப்போது கிடைக்கும் இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், கரும்பு, மக்காச்சோளம், அரிசியிலிருந்து எடுத்த சாராயம். பாதிக் கேரளத்துக்குக் கள் இறக்கி அனுப்பும் சித்தூர்த் தாலுகாக்காரர்களுக்குச் சாராயத்தின் குணத்தைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. கள்ளில் இருக்கும் போதையும் இதே எத்தனால்தான். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு சக்திதான். அதனால் இ20 போட்டால் 100-க்கு ஆறேழு பங்கு சக்தி குறையும், மைலேஜும் அதற்கேற்ப இறங்கும். தண்ணீரை இழுத்துக்கொள்ளும் குணமும் உண்டு. மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் வண்டிக்கும், பழைய ரப்பர்க் குழாய்களுக்கும் அது ஆகாது. 2023-க்கு முன் வாங்கிய வண்டி என்றால் கையேட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தென்னை நாட்டில் இருந்துகொண்டு தேங்காய் எண்ணெயைச் சொல்லாமல் விடமுடியாது. 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயிலேயே ஓட்டிக் காட்டினார்கள். பிலிப்பைன்ஸ் நாடு தேங்காய் எண்ணெயை வேதிமுறையில் மாற்றி டீசலில் கலக்க 2007-இலேயே சட்டம் போட்டது. மாற்றாமல் அப்படியே ஊற்றினால் ஊற்றியவர்தான் வருந்துவார், 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்து வடிகட்டியை அடைத்துவிடும். மார்கழிக் காலையில் நம் வீட்டு எண்ணெய்ப் பாட்டிலைப் பார்த்திருப்பீர்கள். இன்றைக்குத் தேங்காய் எண்ணெய் விற்கும் விலையில், தலைக்குத் தேய்ப்பதற்கே யோசிக்க வேண்டியிருக்கிறது, வண்டிக்கு ஊற்றுவதாவது!

ஹைட்ரஜன் கார்கள் உலகத்தில் இருக்கின்றன. அதை 700 பாரில் அடைக்க வேண்டும், சிஎன்ஜியைப்போல மூன்றரை மடங்கு. நம் எல்லைக்கு அது வரும்போது பேசிக்கொள்ளலாம்.

மின்சாரக் கார் தனிக் கட்டுரைக்கான விஷயம் என்றாலும், கிலோமீட்டர்க் கணக்கில் விட்டுவிடக்கூடாது. யூனிட் 8 ரூபாய், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்று வைத்தால், 1 ரூபாய் 33 பைசா. இதை எந்த கேஸும் தொட முடியாது. ஆனால் என்னைப்போல மாதம் 1,200 கிலோமீட்டர் ஓட்டினால் 200 யூனிட் அதற்கே போய்விடும். வீட்டுச் செலவோடு சேர்ந்து 250 யூனிட்டைத் தாண்டினால், கேரள மின்வாரியமான கேஎஸ்இபி கணக்கில் படிப்படியாக ஏறும் விலை போய், முதல் யூனிட்டிலிருந்தே ஒரே கூடுதல் விலை. இதைப் பொள்ளாச்சி மாமாவிடம் சொன்னால் "எங்களுக்கு மொத நூறு யூனிட் ஃப்ரீ மாப்ளே" என்று ஆரம்பித்துவிடுவார். இரண்டு மாதத்துக்கு நூறு என்பதை மட்டும் சொல்லமாட்டார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பெரியப்பா கேஸ் வண்டி யோசனையை விட்டுவிட்டார். பழைய வண்டியிலேயே கோபாலபுரம் போய்ப் பெட்ரோல் போட்டுக்கொண்டிருக்கிறார். இருபது லிட்டர் போட்டால் எண்பது, நூறு ரூபாய் மிச்சம், போகவர எரிந்ததைக் கழித்தால் டீக்காசுதான் கையில் நிற்கும் என்று அவருக்கும் கிலோமீட்டர்க் கணக்கைப் போட்டுக் காட்டினேன்.

"அந்த டீயவும் அங்கதான் கண்ணு குடிக்கறேன்" என்றார்.